வாக்கிழந்தோரும் அவர்தம் பிரதிநிதியும்

நெடுங்காலம் பாராளுமன்றத்தில் வீற்றிருந்த ஒருவரைப் பற்றி எழுதப் புகுவோர், அவர் எத்தனை ஆண்டு இருந்தார், எத்தனை பதவி வகித்தார், எத்தனை இடத்தில் அத்திவாரக்கல் நாட்டினார் என்று கணக்கெடுத்து முடிப்பது வழக்கமாகி விட்டது. ஆண்டுக் கணக்கால் ஒரு பிரதிநிதியை அளத்தல், ஓர் ஆற்றின் பெருமையை அதன் நீளத்தால் மட்டும் அளத்தலை ஒக்கும். அவ்வாறு எவ்வயலுக்குப் பாய்ந்தது, எவ்விடத்தில் வறண்டு கிடந்தது என்பனவும் பார்க்கப்பட வேண்டியனவே. அங்ஙனமே, ஒரு பிரதிநிதி தம் ஆசனத்தை யாரிடமிருந்து பெற்றார், அவ்வாசனத்தில் இருந்த காலத்தில் நாட்டின் சட்டப் புத்தகத்தில் எவ்வெழுத்து ஏறியது, எவ்வெழுத்து அழிந்தது என்னும் இரண்டு வினாக்களையும் எழுப்புதல் கற்றறிந்தார் கடன்.

இவ்விரு வினாக்களையும் கொண்டு சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களின் பாராளுமன்ற வாழ்வை ஈண்டு ஆராய விழைகின்றோம். அவர் ஊவாவில் பிறந்தாரல்லர். ஊவாவின் பழைய தொகுதி எதற்கும் உறுப்பினராய் இருந்தாருமல்லர். எனினும் பசறை முதல் அப்புத்தளை வரை, மடுல்சீமை முதல் கொஸ்லாந்தை வரை, எந்தத் தோட்டத்து லயத்திலும் பழைய பெட்டியைத் திறந்தால் பிரஜாவுரிமைப் பத்திரம் ஒன்று பத்திரமாய் மடித்து வைக்கப்பட்டிருக்கக் காணலாம். அப்பத்திரத்தின் வரலாறும் அவர் வரலாறும் பிரிக்க முடியாதவை. எம் கல்லூரியில் பயின்று வெளியேறிய தோட்டத்துப் பிள்ளைகள் பலர், தம் பாட்டனார் நாடற்றவராய் இருந்தார் என்பதை அறிவர். எங்ஙனம் அவ்வாறாயினர், எங்ஙனம் அது மாறிற்று என்று கேட்டால் விடையறியாது விழிப்பர். ஆதலின் இம்மலரில் அதனைச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும்.

தொண்டமான் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30ஆந் திகதி தமிழ்நாட்டிலே பிறந்தவர். அவர் தந்தையார் கருப்பையா, வறுமையின் காரணமாக இலங்கை வந்து, கங்காணியாகி, பின்னர் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கே உரிமையாளரானவர். ஆகவே தொழிலாளரின் தலைவராய் விளங்கியவர் தாமே ஒரு தோட்டத்துக்கு உடையவர். இம்முரண்பாட்டை அவருடைய எதிரிகள் வாழ்நாள் முழுவதும் சுட்டிக் காட்டினர். 1939ஆம் ஆண்டு ஜவகர்லால் நேரு இலங்கை வந்து சென்றதையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது, கம்பளைப் பகுதியில் அதன் பணியில் இறங்கி, சில ஆண்டுகளில் அவ்வியக்கத்தின் தலைமையையே எய்தினார்.

ஆயினும் மலையகத்தின் எழுச்சி முழுவதையும் அவர் ஒருவர் பெயரில் எழுதுதல் நேர்மையாகாது. அவருக்கு முன்னரே பெரி சுந்தரம் அரசாங்க சபையில் 1931ஆம் ஆண்டு தொழில் அமைச்சரானார், கோ. நடேசய்யர் பேனாவாலும் மேடையாலும் தோட்டக் கதவுகளைத் தட்டினார். எமது ஊவாவிலோ, 1940ஆம் ஆண்டு பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில், சமசமாஜிகள் வழிகாட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் துரைமாரையும் பொலிசாரையும் ஒருங்கே திகைக்க வைத்தது. தொண்டமான் காலூன்றிய நிலம் முன்னரே பலரால் கொத்தி ஆயத்தமாக்கப்பட்டிருந்த நிலம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான் தெரிவானார். பதுளை அக்காலத்தில் இரண்டு உறுப்பினரைத் தெரிவு செய்யும் தொகுதி. அவ்விருவருள் ஒருவராகக் காங்கிரஸ் சார்பில் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். கொழுந்துக் கூடையைத் தோளில் சுமந்த பெண்ணும், கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆணும் இட்ட புள்ளடி பதுளையிலிருந்து ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பிற்று. இதனை இளைஞர் மறத்தலாகாது.

அவ்வெற்றியே அம்மக்களுக்கு வினையாகவும் முடிந்தது. சுதந்திரம் பெற்ற அதே 1948ஆம் ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. ஒருவர் இந்நாட்டிலே பிறந்தாராயினும், தம் தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தவர் என்று நிறுவினால் மட்டுமே பரம்பரைப் பிரஜையாவர் என்றது சட்டம். பிறப்புப் பதிவென்றால் இன்னதென்றே அறியாத முன்னோரின் பிறப்பை எவ்வாறு நிறுவுவது? 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது போலத் தோன்றியது. மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வதிந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதே ஆண்டில் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. முதலாவது சட்டம் குடியைப் பறித்தது. இரண்டாவது அதைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வாயிலைக் குறுக்கிற்று. மூன்றாவது வாக்கைப் பறித்தது.

முதலிற் பகிஷ்கரிப்பதா விண்ணப்பிப்பதா என்று காங்கிரஸ் தயங்கியது. முடிவில் ஏறத்தாழ எட்டேகால் இலட்சம் மக்களுக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஆண்டுக் கணக்கில் நீடித்த விசாரணையின் பின் பிரஜாவுரிமை கிட்டியோர் ஏறத்தாழ 134,000 பேரே. அதாவது ஆறில் ஒரு பங்கு. ஏனையோர் இலங்கைக்கும் உரியரல்லர், இந்தியாவுக்கும் உரியரல்லர் என்னும் நிலையில் விடப்பட்டனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் கொழும்பில் தொடங்கிய சத்தியாக்கிரகம் பல மாதம் நடந்தது. தேர்தல் வந்தது, முன்னர் ஏழு பேர் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லை. பதுளையின் ஆசனமும் போயிற்று.

தொண்டமானின் வாழ்வில் ஆராய்ச்சிக்குரிய பகுதி இங்கேதான் தொடங்குகின்றது. வாக்காளரை இழந்த பிரதிநிதி யாது செய்வான்? தொழிலைப் பார்க்க வீடு திரும்புவான் என்பது பொது விதி. அவருக்குத் தோட்டமும் இருந்தது. ஆயின் அவர் தொழிற்சங்கத்தைப் பற்றிக் கொண்டார். அரசியல் இயக்கமாய் இருந்தது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் பெயரோடு தொழிற்சங்கமாய் நிலைத்தது. வாக்குச் சீட்டு இல்லாத மக்களிடம் சந்தாச் சீட்டு ஒன்று எஞ்சியிருந்தது. சங்கத்தை விரும்பாதவர் வேறு சங்கத்துக்கு மாறலாம்; உண்மையில், அப்துல் அசீஸ் பிரிந்து சென்று தனிச் சங்கம் அமைத்தபோது பலர் மாறவும் செய்தனர். எனவே அச்சந்தா மாதந்தோறும் நிகழ்ந்த ஒரு சிறு தேர்தல் எனலாம். கொழுந்து பறிப்பதை நிறுத்தினால் நாட்டின் அந்நியச் செலாவணி குறையும் என்பதைக் கொழும்பு நன்கறிந்திருந்தது. வாக்கிழந்த மக்களின் குரல் முற்றாக அடங்காமைக்குக் காரணம் அவ்வறிவேயாம்.

1960ஆம் ஆண்டு அவர் நியமன உறுப்பினராய் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். 1965ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின்னரும் நியமனம் பெற்று 1970 வரை இருந்தார். நியமன உறுப்பினர் என்பவர் யார்? ஆளும் கட்சியின் விருப்பால் ஆசனம் பெறுபவர். அவரை அனுப்பியோர் மக்களல்லர். மக்களுக்காகப் பேச வேண்டும். ஆயின் ஆசனமோ வேறொருவர் தந்தது. இவ்விரண்டுக்கும் இடையே பத்தாண்டு நடந்த ஒருவர், நேர்வழி நடப்பதற்கு மேலாக இணக்கவழி நடப்பதைக் கற்றுக் கொண்டதில் வியப்பில்லை. எவருடன் சேர்வது, எப்போது சேர்வது, எப்பொழுது விலகுவதாகச் சொல்வது என்பதில் அவர் வல்லவரானது இக்காலத்திலேதான். அவ்வன்மையைப் போற்றுவோர் அதனைச் சாணக்கியம் என்பர். வெறுப்போர் சந்தர்ப்பவாதம் என்பர். வாக்கில்லாத மக்களுக்கு வேறெவ்வழி திறந்திருந்தது என்று கேட்டுவிட்டே இவ்விரு சொற்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

அப்பத்தாண்டின் நடுவில், 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. மொத்தம் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக் கொள்வதென்றும் இரு நாட்டரசுகளும் இசைந்தன. அவ்வெஞ்சியோர் 1974ஆம் ஆண்டு சரிபாதியாய்ப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அம்மக்களின் பெயரால் பாராளுமன்றத்தில் ஒருவர் இருந்தும் அவரால் அதைத் தடுத்தல் கூடவில்லை. வாக்கில்லாத பிரதிநிதித்துவத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பதுளையிலும் பண்டாரவளையிலும் புகைவண்டி ஏறித் தலைமன்னார் நோக்கிச் சென்றவர்களின் அழுகுரலை எம் முந்தைய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை, தங்கை நாடற்றவள் என்று பிரிந்த குடும்பங்கள் ஊவாவில் ஒன்றிரண்டல்ல.

1970 முதல் 1977 வரை அவர் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்தார். அவ்வேழாண்டும் மலையகத்துக்குப் பஞ்சகாலம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களில் மக்கள் மடிந்தனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. காணி பங்கிடப்பட்ட இடங்களிலோ, அக்காணியில் நான்கு தலைமுறை உழைத்தோர் பயனாளிகளாகக் கருதப்படவில்லை. தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்த போராட்டத்தில், 1977ஆம் ஆண்டு மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் பொலிசாரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். தொண்டமானோ 1972ஆம் ஆண்டு செல்வநாயகம், ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆகியோருடன் தமிழர் கூட்டணியின் மூன்று தலைவருள் ஒருவராயினார்; ஆயின் 1976ஆம் ஆண்டு தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது, மலையக மக்கள் சிங்கள ஊர்களின் நடுவே வாழ்பவர் என்னும் உண்மையை உணர்ந்து, அவ்வழி செல்லாது ஒதுங்கினார்.

1977ஆம் ஆண்டு ஜூலை மாதம், மூன்று உறுப்பினர் தொகுதியான நுவரெலியா மஸ்கெலியாவில் மூன்றாவது உறுப்பினராய் வென்று, இருபத்தைந்து ஆண்டின் பின் மக்கள் வாக்கால் மீண்டார். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ஜே. ஆர். ஜயவர்தனாவின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராய் அமர்ந்தார். அதன்பின் 1999ஆம் ஆண்டில் கண் மூடும்வரை, நான்கு சனாதிபதிகளின் கீழும் அமைச்சராகவே இருந்தார்.

அவரைக் குறை கூறுவோரின் வலிமை மிக்க வாதம் இக்காலம் பற்றியதே. 1981ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் மலையகத் தமிழர் தாக்கப்பட்டனர். 1983 ஜூலையில் பதுளை நகரின் தமிழர் கடைகள் எரிந்ததை எம்மூர் மூத்தோர் நன்கறிவர். அவ்வரசின் அமைச்சராய் அவர் தொடர்ந்திருந்தது எங்ஙனம் தகும் என்று அன்று கேட்டோர் உளர். இன்றும் கேட்போர் உளர். அக்கேள்வியை நாம் ஒதுக்கோம். எனினும் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1984ஆம் ஆண்டு ஏப்ரலில், அமைச்சராய் இருந்துகொண்டே, தாம் அங்கம் வகித்த அரசின் தோட்டங்களில் பிற சங்கங்களையும் சேர்த்துக் கொண்டு வேலைநிறுத்தம் நடத்தினார். அதன் பயனாகச் சம்பளம் உயர்ந்ததோடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்னும் நீதியும் கிட்டியது. ஒரே வெயிலில் ஒரே மலையில் நின்று, ஆணினும் குறைந்த கூலி பெற்று வந்த பெண்ணுக்கு இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

1986ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் ஒன்றைத் தொடக்கினார். வேலைநிறுத்தம் என்ற பெயரில்லை. காலையில் மக்கள் கோயிலிலே கூடிப் பிரார்த்தனை செய்வர். மலையில் கொழுந்து முற்றும். அரசு இறங்கி வந்தது. அதே ஆண்டு நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. 1988ஆம் ஆண்டு 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பியாத எஞ்சியோரை விண்ணப்பமும் விசாரணையுமின்றி இலங்கைப் பிரஜைகள் ஆக்கிற்று. அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறி, மீந்து நின்ற குறையையும் நீக்கியது. 1948இல் தொடங்கிய இழிவு முற்றும் நீங்க ஐம்பத்தைந்து ஆண்டு பிடித்தது. பங்கீட்டு ஒப்பந்தம் கைச்சாத்தான அதே ஒக்டோபர் 30ஆந் திகதியில், முப்பத்தைந்து ஆண்டு கழித்துத் தொண்டமான் மறைந்தார் என்பது காலத்தின் ஓர் ஒற்றுமை.

எனவே, நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு விடை பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றது. தம் கண்முன்னே நிறைவேறிய சட்டம் ஒன்றைத் தம் வாழ்நாளுக்குள்ளேயே ஏறத்தாழ முற்றும் மாற்றக் கண்ட பிரதிநிதிகள் உலகிலேயே மிகச் சிலர். அதனை மறைப்பது நன்றியன்று.

முதலாம் வினாவே எம்மை உறுத்துகின்றது. கால் நூற்றாண்டு அம்மக்கள் தம் வாக்கால் ஒருவரைத் தெரிவு செய்யவும் இல்லை, நீக்கவும் இல்லை. எல்லாம் தலைவர் வாயிலாகவே வந்தன. சம்பளம் அவர் பேசி வந்தது. பத்திரம் அவர் பேசி வந்தது. பள்ளிக்கு ஆசிரியர் நியமனமும் அவர் பேசி வந்தது. கேட்பவர் தலைவர், கொடுப்பவர் அரசு, பெறுபவர் மக்கள் என்னும் ஒழுங்கு ஊறிப் போயிற்று. வாக்கு மீண்ட பின்னரும் அப்பழக்கம் மீளவில்லை. வாக்கைத் தலைவரின் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் யாருடன் பேசி என்ன பெற்று வருவார் என்று காத்திருத்தல் இன்றும் எம்மிடையே உள்ளது. தலைமையே குடும்பச் சொத்தாய் வருவதும் அதன் விளைவே. பாட்டனார்க்குப் பின் பேரனார் ஆறுமுகன், அவருக்குப் பின் அவர் மைந்தர் ஜீவன் என்று வழிவழி வந்தமை யாவரும் அறிந்தது. ஊவா மாகாண சபையிலும் அக்குடும்பத்தார் ஒருவர் அமைச்சராய் இருந்தார். அவரவர் தகுதியை நாம் இங்கு அளக்கவில்லை. மக்கள் வேறு பெயரைத் தேடவே கூசினர் என்பதே எம் கவலை.

காத்திருக்கும் பழக்கத்தின் விலை யாது? அதற்குச் சட்டப் புத்தகத்திலிருந்தே ஒரு சான்று தருகின்றோம். 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடுவதற்கு முட்டுக்கட்டையாய் இருந்தது. அயலூர்ச் சாலைக்குத் தார் விழும். தோட்டத்து எல்லையில் தார் நின்றுவிடும். தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தனர். அவர்தம் உறுப்பினர்கள் அச்சபைகளில் அமர்ந்தனர். ஆயின் தம் லயத்துக்கு ஒரு குடிநீர்க் குழாய் போடவும் சட்டம் இடந்தரவில்லை. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டிலேதான். முப்பத்தோராண்டு அது புத்தகத்தில் கிடந்தது. அச்சட்டம் பிறந்த நாளிலும் எம்மவர் அமைச்சரவையில் இருந்தார். அதன்பின் வந்த பல அமைச்சரவைகளிலும் எம்மவர் இருந்தனர். அதனைத் திருத்துக என்று எத்தனை தோட்டங்களிலிருந்து விண்ணப்பம் சென்றது? எத்தனை கூட்டங்களில் வினா எழுந்தது? கோயிலுக்குக் கூரைத் தகடும் இளைஞர் மன்றத்துக்குப் பந்தும் கேட்ட நாம், சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தக் கேட்டோமில்லை. பிரதிநிதி மறந்தார் என்றால், நினைவூட்ட வேண்டியவர் யார்?

அக்காலத் தலைமை கைவையாது விட்ட பெரும்பணி காணியுரிமை. பிரஜாவுரிமை வந்தது, வாக்கு வந்தது, நிற்பதற்கு ஓரடி நிலம் தன்னதென்று சொல்லும் உரிமை மட்டும் வரவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை முன்னரே இருந்தது. அங்கிருந்தோர் ஏன் பெயரவில்லை என்று வெளியூரார் வினவினர். எங்கே பெயர்வது? தனக்கென ஒரு பேர்ச் காணியும் இல்லாதவன், தோட்டம் காட்டிய இடத்தையன்றி வேறெங்குக் குடியேறுவான்? பதினோராண்டின் பின், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளியின் மழையால் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்து உயிர்களைக் கொண்டன. காணியுரிமை என்பது செல்வம் பற்றிய வினா மட்டுமன்று. எமது மலைகளில் அது உயிர் பற்றிய வினா.

ஆசிரியராகிய எமக்கு அது நாள்தோறும் காணும் வினாவுமாம். கடிதம் எழுதும் பயிற்சியில் முகவரி எழுதுக என்றால், தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதி நிறுத்துகின்றது. வீட்டிலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. நேர்முகப் பரீட்சைக்கு வரும் அழைப்புக் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கட்டோடு கிடந்து, நாள் கழிந்த பின் கைக்கு வருதல் புதிதன்று. சொந்த முகவரியில்லாப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கும் கடிதவிலக்கணம் பாதியே பயனாகும்.

சென்ற பத்தாண்டில் சில நல்லடிகள் எடுத்து வைக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் தொடங்கிற்று. இந்திய அரசின் உதவியால் வீடுகள் எழுந்தன. மலையகத்தில் புதிய கிராமங்களை அமைப்பதற்கான அதிகார சபை 2018ஆம் ஆண்டு சட்டத்தால் நிறுவப்பட்டது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்பது பல்லாண்டுக் கோரிக்கையின் பின் 2021ஆம் ஆண்டு சம்பளச் சபை வாயிலாக வந்தது. எனினும் லயங்கள் இன்னும் நிற்கின்றன. கட்டிய வீடுகளிலும் உறுதிப் பத்திரம் கையிற் கிடையாதோர் பலர்.

வேறொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2024ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் பதுளை மாவட்டத்து மக்கள், பழைய சங்கத் தலைமைகளை விடுத்துப் புதியோரை அனுப்பினர். அவர்களுள் அம்பிகா சாமுவேல் என்னும் மலையகப் பெண்மணியும் ஒருவர். கொழுந்து பறிக்கும் கையே மலையகத்தின் பெரும்பான்மைக் கை. அக்கைக்குரியோரிடமிருந்து ஒருவர் பாராளுமன்றம் செல்லச் சர்வசன வாக்குரிமை வந்து தொண்ணூறாண்டுக்கு மேலாயிற்று. அவர் எக்கட்சியினர் என்பது எமக்கு முக்கியமன்று. மக்கள் தாமே பெயரை மாற்றிப் பார்க்கத் துணிந்தனர் என்பதே குறிப்பிடத் தக்கது. ஆயின் பெயரை மாற்றியதோடு கடமை முடிந்ததென்று இருப்போமாயின், பழைய காத்திருத்தல் புதிய பெயரோடு தொடரும்.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவதுண்டு: ஊவாவில் எம்மவர் தொகை சிறிது, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் பதுளை மாவட்டத்து மலையகத் தமிழர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மட்டுமே, பெருந்தலைவர் ஒருவர் பின்னே ஒன்றாய்த் திரண்டாலன்றிச் சிறுபான்மை பிழைக்காது என்பர். ஒன்றாய்த் திரள வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. 1984இலும் 1986இலும் வென்றது அவ்வொற்றுமையே. ஆயின் திரள்வது வேறு, வாய்மூடித் திரள்வது வேறு. அன்று தலைவர் வென்றமைக்குக் காரணம், அவர் அமைச்சரோடு அமர்ந்து பேசியபோது மலையிலே மக்கள் வேலையை நிறுத்தி நின்றனர் என்பதேயாம். பின்னே மக்கள் நில்லாத தலைவர் பேச்சு, கொழும்பில் ஒருபொழுதும் எடைபோட்டதில்லை.

ஆகவே பழைய மாணவராகிய நம்மவர்க்கு ஒரு விண்ணப்பம். நம்முட் பலர் இன்று ஆசிரியர், எழுதுவினைஞர், சட்டத்தரணிகள், வணிகர், வெளிநாட்டில் தொழில் புரிவோர். தேர்தற் காலத்தில் தோட்டத்து உறவினர் நம்மிடமே வந்து, யாருக்குப் போடலாம் என்று கேட்பர். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பாதிருப்போம். வாக்குக் கேட்டு வருவோரிடம் வினவுதற்கு மூன்று கேள்விகளைச் சொல்லி அனுப்புவோம். இந்த லயத்துக் குடும்பங்களுக்குக் காணி உறுதி எந்த ஆண்டு கைக்கு வரும்? எங்களைத் தடுக்கும் எச்சட்டத்தின் எப்பிரிவைத் திருத்தப் பாராளுமன்றத்தில் பேசுவீர்கள்? சென்ற முறை சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை? இம்மூன்றையும் தோட்டந்தோறும் ஒருவர் எழுதி வைத்து, ஐந்தாண்டின் பின் அதே ஏட்டைத் திறந்து மீண்டும் கேட்பாராயின், அதுவே பெரிய அரசியற் கல்வி. வாக்காளர் இடாப்பில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு பெயரும் ஏறியதா என்று ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தரிடம் சென்று பார்ப்பதும் நம்மாற் கூடிய பணியே. இடாப்பில் பெயரில்லாமை எத்துணைத் தீங்கு செய்யும் என்பதை நம்மினும் நன்கறிந்த மக்கள் இந்நாட்டில் இல்லை.

தொண்டமான் அவர்கள் தம் மக்களுக்கு வாக்கை மீட்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் காலத்தில் மக்கள் அவரை நம்பியிருக்க வேண்டியிருந்தது. வாக்கு அவர்தம் கையில் இல்லை. இன்று வாக்கு நம் கையிலிருக்கின்றது. அதனைக் கொண்டு கணக்குக் கேளாதிருப்போமாயின், அம்முதியவர் அரைநூற்றாண்டு பட்ட பாட்டிற்குப் பயனில்லை.